பேராக் பிள்ளைக்கு இலையுதிர் காலம் உண்டா?

அக்டோபர் பிறந்தால் பல பாலர் பள்ளிகளிலிருந்து ஒரு தாள் வீட்டுக்கு வரும். மேப்பிள் இலை, கண் வாய் வெட்டிய ஆரஞ்சுப் பூசணி, துடைப்பத்தில் பறக்கும் கிழவி. வண்ணம் தீட்டிக்கொண்டு வரவேண்டும். பிள்ளை தீட்டிக்கொண்டே, "இந்த மாதிரி செவப்பு இலை எங்கே இருக்கும்?" என்று கேட்கும்.

என்ன பதில் சொல்வது? "அதெல்லாம் வெளிநாட்டில், நமக்கு வருஷம் முழுக்க வெயிலும் மழையும்தான்" என்றே பெரும்பாலும் சொல்கிறோம். நீங்கள் ஈப்போவிலோ சிம்மோரிலோ சுங்கை சிப்புட்டிலோ கோலகங்சாரிலோ இருந்தால் அந்தப் பதில் சரியில்லை. உங்கள் ஊரிலும் இலை சிவக்கிறது, மஞ்சளாகிறது, மொத்தமாக உதிர்கிறது. அக்டோபரில் இல்லை, தைப்பூசத்தை ஒட்டி. உதிர்ப்பது ரப்பர் மரம்.

உங்கள் தாத்தா பாட்டிக்கு இது நன்றாகத் தெரியும். தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் தெரியும். இப்போது ஈப்போ அடுக்குமாடியில் வளரும் பிள்ளைக்குத்தான் தெரியாது. அதனால் இந்தக் கட்டுரையில் மேப்பிள் இலைக்கும் ஹாலோவீன் பூசணிக்கும் பதிலாக, நம் மண்ணில் கிடைப்பதைக் கொண்டு சின்னப் பிள்ளைகளோடு என்னென்ன செய்யலாம், எப்போது செய்யலாம், எதில் கவனம் வேண்டும் என்று சொல்லப் போகிறேன்.

ரப்பர் மரம் ஏன் இலை உதிர்க்கிறது? அதன் தாய்மண் தென் அமெரிக்காவின் அமேசான் காடு. மழை குறையும் மாதங்களில் இலையை எல்லாம் கொட்டிவிட்டு, புது இலை விடுவது அதன் இயல்பு. இங்கே ஆண்டின் தொடக்கத்தில், பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச்சுக்குள், அது நடக்கும். ஓரிடத்தில் முந்தியும் ஓரிடத்தில் பிந்தியும் வரலாம். சில வாரங்களில் செம்பு நிறத்தில் தளிர் வந்துவிடும். ஆகவே பார்க்க வேண்டுமென்றால் தள்ளிப்போடாமல் போக வேண்டும்.

நிறம் எப்படி மாறுகிறது என்று பிள்ளை கேட்டால்? இலைக்குள் பச்சையம் (சூரிய ஒளியைப் பிடித்து மரத்துக்கு உணவு செய்யும் பச்சைப் பொருள்) இருக்கிறது. உதிரப்போகும் இலையில் மரம் அதைச் சிதைத்து, பயனுள்ளதைத் தனக்குள் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பச்சை போனதும், அடியில் மறைந்திருந்த மஞ்சள் தெரிகிறது. சிவப்பு மட்டும் கடைசி நாட்களில் புதிதாக உண்டாவது. நான்கு வயதுப் பிள்ளைக்கு, "மரம் பச்சையைச் சாப்பிட்டுவிட்டது" என்றால் போதும். அது தப்பான விளக்கமும் இல்லை.

இந்த மரம் பேராக்குக்கு எப்படி வந்தது என்பதையும் பிள்ளைக்குக் காட்டவே முடியும். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலில் இருந்து ஏறக்குறைய 70,000 விதைகளை இங்கிலாந்தின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அவற்றில் முளைத்த கன்றுகளின் வழியில் 1877இல் சில இந்தப் பக்கம் வந்தன. அவற்றில் ஒன்பதைக் கோலகங்சாரில் ஹியூ லோ நட்டார். அவர் அப்போது பேராக்கின் ரெசிடென்ட் (சுல்தானுக்கு ஆலோசகராக இருந்த பிரிட்டிஷ் அதிகாரி). அந்த முதல் தொகுதியைச் சேர்ந்த மரம் ஒன்று கோலகங்சார் மாவட்ட அலுவலகத்தின் அருகே வேலி போட்டுப் பாதுகாக்கப்படுகிறது. ஈப்போவிலிருந்து நெடுஞ்சாலையில் போனால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் அந்த மரத்தின் அடியில் நிறுத்துங்கள். நம் கொள்ளுத் தாத்தாக்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தது இந்த மரத்தின் பால்தான் என்று சொல்லுங்கள்.

இலை பொறுக்க எங்கே போவது? தோட்டங்களில் பலவற்றில் இப்போது செம்பனை நிற்கிறது, சிலவற்றில் வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது. இருந்தாலும் சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கம் சிறு தோட்டக்காரர்களின் ரப்பர் நிலங்கள் இன்னும் உண்டு. உறவினரோ நண்பரோ யாராவது அங்கே பால் வெட்டுவார்கள், கேட்டுப் பாருங்கள். கேட்காமல் உள்ளே போகாதீர்கள். அது ஒருவருடைய நிலம். மரத்தில் தொங்கும் மங்கில் (பால் சேரும் கிண்ணம்) இருப்பது அவருடைய அன்றாட வருமானம். பிள்ளை மங்கைத் தட்டிவிட்டால் அந்த மரத்தின் அன்றைய பால் மண்ணுக்குப் போய்விடும்.

ரப்பர் மரமே கிடைக்கவில்லையா? ஈப்போ நகரத்துக்குள்ளேயே கெத்தாப்பாங் மரம் இருக்கிறது. தமிழில் நாட்டு வாதுமை. சாலையோரங்களிலும் திடல் ஓரங்களிலும் நிழலுக்கு வைத்திருப்பார்கள். அதன் இலை பெரியது, உதிரும்முன் நல்ல சிவப்பாக மாறும், ஆண்டில் ஒரு தடவைக்கு மேலும் உதிரும். அக்டோபரிலேயே சிவப்பு இலை வேண்டும் என்று பாலர் பள்ளி அடம்பிடித்தால் இந்த மரத்தடிக்குப் போய்ப் பாருங்கள்.

போகும்போது என்ன உடுத்துவது? முழுக்கை சட்டை, நீளக் காற்சட்டை, மூடிய காலணி. ரப்பர் நிலத்தில் கொசு அதிகம். பழைய மங்கிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் தேங்கிய மழைத் தண்ணீர் போதும், டெங்கிக் கொசு பெருகிவிடும். கொசு விரட்டி மருந்தை வீட்டிலேயே தடவிக்கொண்டு கிளம்புங்கள். சருகுக்குள் பூரானும் பாம்பும் இருக்கலாம், ஆகையால் குவியலுக்குள் பிள்ளை கையை விடக்கூடாது. மேலே கிடப்பதை மட்டும் எடுக்கட்டும். காலையில் போய், வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள். அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை வழக்கம் என்பதால் அப்போது காலை நேரம் இன்னும் முக்கியம்.

இன்னொன்று. பச்சை இலையைப் பறிக்கவேண்டாம். காம்பை ஒடித்தால் பால் வடியும். துணியில் பட்டால் காய்ந்து கறையாகி, துவைத்தாலும் போகாது. ரப்பர் கையுறையோ பலூனோ பட்டால் உடம்பு தடிக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பாலும் ஒத்துக்கொள்ளாது. தானாக விழுந்த இலையில் இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை.

கொண்டுவந்த இலையை என்ன செய்வது? இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைக்குப் பிரிப்பதே பெரிய விளையாட்டு. சிவப்பு ஒரு பக்கம், மஞ்சள் ஒரு பக்கம், இரண்டும் கலந்தது ஒரு பக்கம். ஒரு காம்பில் மூன்று இலைகள் இருப்பதை அதுவே கண்டுபிடிக்கட்டும்; நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள்.

நான்கு வயதுக்கு மேல் என்றால் நரம்பு தேய்ப்பு செய்யலாம். இலையைக் குப்புறப் போட்டு (அடிப்பக்கத்தில்தான் நரம்பு எழும்பி நிற்கும்), மேலே மெல்லிய வெள்ளைத் தாளை வைத்து, மெழுகு வண்ணக் கட்டியைப் படுக்கவைத்துத் தேய்க்கவேண்டும். முனையால் தேய்த்தால் தாள் கிழியும். நடு நரம்பும் கிளை நரம்பும் ஒவ்வொன்றாகத் தாளில் எழும்பும்போது பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். தாள் நகராமல் இருக்க நீங்கள் ஓரத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்.

இலையை நிறம் மாறாமல் வைத்துக்கொள்ள முடியுமா? நம் ஊர் ஈரக் காற்றில் இதுதான் சிக்கல். குளிர் நாட்டுப் புத்தகங்கள், புத்தகத்துக்குள் வைத்து மறந்துவிடு என்று சொல்லும். இங்கே அப்படி மறந்தால் பூஞ்சணம் பிடிக்கும். செய்தித்தாள்களுக்கு இடையில் இலைகளை ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, மேலே கனமான எதையாவது வையுங்கள். முதல் நான்கைந்து நாள் தினமும் தாளை மாற்றுங்கள். ஒரு வாரத்தில் காய்ந்துவிடும். அவசரமென்றால் இரண்டு தாள்களுக்கு இடையில் வைத்து, மிதமான சூட்டில் நீங்கள் இஸ்திரி போடலாம். நிறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுப்பாகும். அதைத் தடுக்க முடியாது. ஒட்டி வைத்த அட்டையை வெயில் படாத சுவரில் மாட்டினால் கூடுதல் காலம் இருக்கும்.

ரப்பர் இலையில் செய்கிற மிக அழகான கைவேலை, நரம்பு வலை. இலையின் சதை போய், நரம்புகள் மட்டும் வலைத்துணி போல நிற்கும். இதற்குச் சாயம் ஏற்றிப் பூவாகக் கட்டி விற்பதைக் கைவினைக் கடைகளில் நீங்கள் பார்த்திருக்கலாம். வீட்டில் செய்ய, இலைகளைத் தண்ணீரில் மூழ்கவைத்துச் சில வாரங்கள் ஊறவிட வேண்டும். சதை அழுகியதும், பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தட்டித் தட்டிக் கழுவினால் வலை தெரியும். தேய்க்காமல் தட்டவேண்டும் என்பதை ஆறு வயதுப் பிள்ளை இரண்டு இலையைக் கிழித்த பிறகு கற்றுக்கொள்ளும். கிழியட்டும், இலைக்கா பஞ்சம்?

ஊறும் தண்ணீரில் கொசு முட்டையிடாதா? இடும். அதனால் திருகு மூடி உள்ள கண்ணாடிப் புட்டியில்தான் ஊறவைக்க வேண்டும். வாளியிலோ திறந்த டப்பாவிலோ வேண்டாம். வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். நாற்றம் வரும், வீட்டுக்கு வெளியே வையுங்கள். சலவைச் சோடாவில் கொதிக்கவைத்தால் ஒரே நாளில் முடியும் என்று யாராவது சொல்வார்கள். முடியும்தான், ஆனால் அது தோலையும் கண்ணையும் அரிக்கும் தண்ணீர். பிள்ளை தூங்கும்போது, கையுறை போட்டுக்கொண்டு, சமையலுக்கு இனி எடுக்காத பாத்திரத்தில் நீங்கள் செய்வதானால் செய்யுங்கள். பிள்ளையை வைத்துக்கொண்டு வேண்டாம்.

இலைக்குத் தை மாதம்வரை காத்திருக்க வேண்டும் என்றால், ஹாலோவீன் வரும் அக்டோபரில் தோட்டத்தில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. கொட்டை. ஆண்டின் பிற்பாதியில், ஆகஸ்ட் முதல் அக்டோபர் வாக்கில், ரப்பர் காய் முற்றும். ஒரு காய்க்குள் மூன்று அறை, அறைக்கு ஒரு கொட்டை. காய் காயக் காய அதன் ஓடு முறுக்கேறி, நல்ல வெயிலில் 'பட்' என்று வெடிக்கும். கொட்டை பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளிப் போய் விழும். கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தை எண்ணச் சொல்லுங்கள். இதைவிட நல்ல விளையாட்டை நான் உங்களுக்கு எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுத்துத் தர முடியாது.

ஆனால் கொட்டையைப் பற்றி முதலில் மூன்று விஷயங்கள் தெரிந்துகொள்ளுங்கள். இதைப் படிக்காமல் தாண்டாதீர்கள்.

முதலாவது, பச்சை ரப்பர் கொட்டையில் நஞ்சு உண்டு. மரவள்ளிக் கிழங்கில் இருப்பதைப் போன்ற ஒரு பொருள் அதன் பருப்பில் இருக்கிறது. மென்றால் சயனைடு (உடம்பின் உயிரணுக்களை மூச்சுவிடாமல் செய்யும் நஞ்சு) வெளியாகும். "பஹாங்கில் ரப்பர் கொட்டையில் குழம்புக்கு ஆசம் ரோங் செய்கிறார்களே?" என்று நீங்கள் கேட்கலாம். செய்கிறார்கள்தான். தலைமுறையாகப் பழகிய கையால், வேகவைத்து, நாள்கணக்கில் ஊறவைத்து, பதப்படுத்திச் செய்கிறார்கள். அது விளையாட்டுக்குப் பொறுக்கிய கொட்டைக்குப் பொருந்தாது. பிள்ளை மென்று விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்க முயலாமல், மிச்சக் கொட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தேசிய நச்சு மையம் தொலைபேசியில் ஆலோசனை தருகிறது. அதன் எண்ணைத் தேடி இன்றே கைப்பேசியில் பதிந்துவைப்பது நல்லது. மயக்கமோ மூச்சுத் திணறலோ இருந்தால் எதையும் தேடாமல் 999ஐ அழையுங்கள்.

இரண்டாவது, தொண்டையில் சிக்கும் ஆபத்து. கழிவறைத் தாள் சுற்றிவரும் அட்டைக் குழாய் ஒன்றை எடுங்கள். அதற்குள் நுழையும் எந்தப் பொருளும் மூன்று வயதுக்குக் கீழுள்ள பிள்ளையின் கைக்கு ஆகாது. ரப்பர் கொட்டை தாராளமாக நுழையும். ஆகவே தம்பி தங்கை தவழும் வீட்டில், விளையாடி முடிந்ததும் கொட்டையை எண்ணி எடுத்துவைக்க வேண்டும். எண்ணுவது அக்காவுக்குக் கணக்குப் பாடமும் ஆகும்.

மூன்றாவது, பார்க்க ஒன்றுபோல் இருக்கும் விதைகள். ஆமணக்கு விதையும் ரப்பர் கொட்டையைப் போலவே பழுப்பும் சாம்பலுமாகப் புள்ளியிட்டு மின்னும், அளவில் மட்டும் சிறியது. அது கொடிய நஞ்சு. அதேபோல், சாகா மரத்தடியில் பொறுக்கும் மஞ்சாடி விதை முழுதும் சிவப்பாக இருக்கும். குன்றிமணியோ சிவப்பில் கறுப்புக் கண் வைத்தது. கறுப்புக் கண் தெரிந்தால் தொடாதே என்று பிள்ளைக்குப் பழக்கிவிடுங்கள். கடினத் தோடு உடைந்த ஒரு குன்றிமணி உள்ளே போனாலே பேராபத்து.

இனி விளையாட்டு. பல்லாங்குழிதான் முதலில். மலாய்ப் பிள்ளைகளின் சொங்காக்கும் இதன் உறவுதான். முழுப் பல்லாங்குழிக்குப் பதினான்கு குழி வேண்டும். ஐந்து வயதுக்கு அது நீளம். முப்பது முட்டை பிடிக்கும் காகிதத் தட்டில் இரண்டு வரிசையை வெட்டி எடுத்து, ஆளுக்கு ஐந்து குழி, குழிக்கு மூன்று கொட்டை என்று தொடங்குங்கள். முப்பது கொட்டை போதும். ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போவதில் ஒன்றுக்கு ஒன்று என்ற எண்ணிக்கை பிள்ளையின் விரலுக்குள் ஏறிவிடும்.

லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) பிள்ளைகளின் இன்னொரு விளையாட்டு, கொட்டை உடைப்பு. ஒரு கொட்டையின்மேல் இன்னொன்றை வைத்து, உள்ளங்கையால் ஓங்கி அடிப்பார்கள். உடையாத கொட்டைக்காரர் வெற்றி. உடையாத கொட்டைக்குப் பட்டப்பேர் சூட்டிச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்ட தாத்தாக்கள் இன்றும் இருக்கிறார்கள். ஏழு வயதுக்குக் கீழே இது வேண்டாம். ஓட்டுச் சில்லு தெறிக்கும், கை வலிக்கும். பெரிய பிள்ளைகள் ஆடினாலும் மடித்த துண்டை மேலே போட்டு அடிக்கட்டும்.

கொட்டையைச் சிமென்ட் தரையில் வேகமாகத் தேய்த்து, பக்கத்தில் இருப்பவன் கையில் வைத்துச் சுடவைக்கும் குறும்பும் தோட்டத்தில் உண்டு. குறும்பாகச் செய்தால் சண்டை வரும். தன் கையிலேயே வைத்துப் பார்க்கச் சொன்னால் அது உராய்வைப் (இரண்டு பொருள் தேய்வதால் பிறக்கும் தடையும் சூடும்) பற்றிய பாடம்.

சின்னவர்களுக்குக் கிலுகிலுப்பை செய்து கொடுங்கள். சின்ன பிளாஸ்டிக் புட்டியில் பத்துக் கொட்டை போட்டு, மூடியைப் பசைவைத்து இறுக்கி, மேலே ஒட்டுநாடாவைச் சுற்றுங்கள். பிள்ளை கழற்ற முடியாது என்று உறுதியான பிறகுதான் கையில் தரவேண்டும். கொட்டையைக் குடைந்து குச்சி செருகி நூலை இழுத்தால் சுழலும் விசிறி ஒன்றும் உண்டு. அதை எழுதிப் புரியவைப்பதைவிட, தோட்டத்தில் வளர்ந்த தாத்தா ஒருவரை உட்காரவைத்துச் செய்துகாட்டச் சொல்வதே மேல். அவர் கை மறந்திருக்காது.

சரி, ஹாலோவீனுக்கு வருவோம். அது என்ன பண்டிகை? அக்டோபர் 31 இரவு. மறுநாள் கிறிஸ்தவர்களின் அனைத்துப் புனிதர் நாள். அதற்கு முன்பே அயர்லாந்துப் பக்கம், அறுவடை முடிந்து குளிர் தொடங்கும் இரவில் ஆவிகள் நடமாடும் என்ற நம்பிக்கை இருந்தது. ஆவியை விரட்ட, கிழங்கைக் குடைந்து முகம் வெட்டி விளக்கு வைத்தார்கள். அமெரிக்காவுக்குக் குடியேறியபோது அங்கே பூசணி பெரிதாகக் கிடைத்தது, கிழங்கு பூசணியாயிற்று. குடியேறியவர்கள் புது மண்ணில் கிடைத்ததைக் கொண்டு பழைய வழக்கத்தைச் செய்தார்கள். நம் முன்னோரும் தோட்டங்களில் அதைத்தான் செய்தார்கள்.

நம் வழக்கத்தில் இப்படி உண்டா? தமிழ்நாட்டில் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டு முகப்பில், மீசையும் கோரைப் பல்லும் வரைந்த பூசணிக்காய் தொங்கும். கண்திருஷ்டிக்கு. பயமுறுத்தும் காய் முகம் நமக்குப் புதிதில்லை. ஆகவே பிள்ளை முகம் வரைய ஆசைப்பட்டால் தாராளமாக வரையட்டும். ஆனால் நம் பாசாரில் கிடைக்கும் மஞ்சள் பூசணி, படத்தில் இருப்பது போல வெட்டுவதற்கு வசப்படாது. தோல் கடினம், சதை கெட்டி, கத்தி வழுக்கும். வெட்டாமல் மேலே வண்ணம் தீட்டுவதே பாதுகாப்பு. சாயம் தோலோடு நிற்கும். வண்ணம் போட்ட தோலைச் சீவி எறிந்துவிட்டு மறுநாள் சாம்பாருக்குப் போடலாம்.

வெட்டி விளக்குச் செய்யத்தான் வேண்டும் என்றால், ஈப்போக்காரர்களுக்கு இருப்பது பூசணியைவிட நல்லது: தம்பூன் லீமாவ். பம்பளிமாசு. ஈப்போவுக்குப் பக்கத்துத் தம்பூன் இதற்குப் பேர்போனது. சீனர்களின் இலையுதிர்காலப் பண்டிகையான நிலாக் கேக் பண்டிகைக்கும் இந்தப் பழம் வாங்கும் வழக்கம் உண்டு. அந்தப் பண்டிகை சீன நாட்காட்டியின் எட்டாம் மாதப் பௌர்ணமி. 2025இல் அக்டோபர் 6ஆம் தேதி வந்தது. ஆகவே நீங்கள் தேடும் இலையுதிர்காலக் கொண்டாட்டம், பக்கத்து வீட்டிலேயே தங்லோங் (காகித விளக்கு) ஏந்திக்கொண்டு நடக்கிறது.

எப்படிச் செய்வது? பழத்தின் உச்சியிலிருந்து கீழ்நோக்கி ஆறு கோடு கீறுங்கள், அடிவரை போகாமல் நிறுத்துங்கள். கத்தி உங்கள் கையில் மட்டும். பிள்ளை விரலால் இதழ் இதழாகப் பிரித்து, பழத்தை முழுதாக வெளியே எடுக்கட்டும். கையில் இருப்பது இப்போது ஆறு இதழ்த் தொப்பி. முதலில் அது தலையில் ஏறும், படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு உள்ளே இருக்கும் வெள்ளைப் பஞ்சைக் கரண்டியால் சுரண்டி மெலிதாக்கி, கண், மூக்கு, வாயைப் பேனாவால் வரையச் சொல்லுங்கள். கோட்டின்மேல் பல்குச்சியால் அது குத்திக்கொண்டே வந்தால், நீங்கள் வெட்டுவது எளிது. இதழ்களை மீண்டும் கூட்டி, உச்சியில் நூலால் கட்டி, உள்ளே சின்ன மின்கல விளக்கை வையுங்கள். அறை முழுதும் லீமாவ் வாசம் வரும்.

மெழுகுவர்த்தி வைக்கலாமா? சின்னப் பிள்ளை கையில் வேண்டாம். மலிவு விலைக் கடையில் மின்கல மெழுகுவர்த்தி கிடைக்கிறது. அதன் அடிமூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருக்கும் பொத்தான் மின்கலத்தை விழுங்கினால் உணவுக்குழாய் வெந்து ஓட்டையாகிவிடும், அது மிக அவசரமான நிலை. அகல் விளக்கோ மெழுகுவர்த்தியோ பட்டுச் சுட்டுவிட்டால், குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் காயத்தின்மேல் ஓடவிடுங்கள். பற்பசை, கீச்சாப், வெண்ணெய் எதையும் தடவாதீர்கள். பிறகு கிளினிக்குக்குப் போங்கள்.

லீமாவ் விளக்கு இரண்டு மூன்று நாளில் சுருங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். வெளியே தொங்கவிட்டு மறந்தால் மழைத் தண்ணீர் தேங்கும், மறுபடி கொசு. மூன்றாம் நாள் எறிந்துவிடுங்கள். பழத்தைச் சாப்பிடும்போது ஒரு கவனம்: பாட்டியோ தாத்தாவோ கொழுப்புக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுத்தால், பம்பளிமாசு சில மருந்துகளின் வேகத்தைக் கூட்டிவிடும். மருந்தாளரிடம் ஒரு வார்த்தை கேட்ட பிறகு சுளையைக் கொடுங்கள்.

பேய் வேடம் போடலாமா? பிள்ளைக்கு ஆசை இருந்தால் போடட்டும். ஆனால் வகுப்பில் எல்லா வீட்டுக்கும் இது ஒத்துவராது. முஸ்லிம் பெற்றோர் பலரும், கிறிஸ்தவப் பெற்றோர் சிலரும் சமயக் காரணத்தால் விரும்பமாட்டார்கள். நீங்கள் பாலர் பள்ளி ஆசிரியராக இருந்தால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். விளக்கு விழா என்று வைத்தால் யாரும் வெளியே நிற்க வேண்டியிருக்காது. தங்லோங்கும் அகலும் லீமாவ் முகமும் ஒரே மேசையில் இருக்கலாம். 2024இல் மலேசியாவில் தீபாவளியே அக்டோபர் 31ஆம் தேதிதான் வந்தது. நம் பிள்ளைகளுக்கு அன்று எந்த விளக்கை ஏற்றுவது என்ற குழப்பம் வரவேயில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தோட்டக் கதை சொல்லும்போது முனியாண்டியைப் பேய் வரிசையில் சேர்க்காதீர்கள், அவர் வேடத்தைப் பயமுறுத்தும் உடுப்பாக்காதீர்கள். தோட்டத்து எல்லையில் மரத்தடியில் அவருக்குச் சூலம் நட்டுக் கும்பிட்டவர்கள் இருட்டில் பால் வெட்டப் போனவர்கள். அவர் காவல் தெய்வம். அதேபோல், சீனர்களின் ஏழாம் மாதத்தில் சாலையோரம் வைக்கப்பட்டிருக்கும் ஊதுபத்தியையும் படையலையும் பிள்ளை மிதிக்காமல் ஒதுங்கி நடக்கக் கற்றுக்கொடுங்கள்.

பேய்க்கதை வேண்டும் என்றால்? பாட்டியைக் கேளுங்கள். விடியுமுன் நெற்றி விளக்கோடு ரப்பர் நிரைக்குள் (மர வரிசை) நடந்தது, காய் வெடிக்கும் சத்தத்தில் பதறியது, சருகில் ஏதோ ஓடியது என்று அவரிடம் நிறைய இருக்கும். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பயக் கதையைத் தூங்கும் நேரத்தில் வேண்டாம், மாலையிலேயே முடித்துவிடுங்கள். முடிவில் அந்தச் சத்தம் எதனால் என்று பாட்டியே சொல்லிவிட்டால், ஐந்து வயதுப் பிள்ளை இரவில் விழித்துக்கொண்டு அழாது.

அப்படியே இலையுதிர்ந்த மாதங்களில் வீடு எப்படி இருந்தது என்றும் கேட்டுவிடுங்கள். நிறம் மாறிய தோட்டம் கண்ணுக்கு அழகு. ஆனால் இலை இல்லாத மரத்தில் பால் குறையும்; பாலின் எடைக்குத் தகுந்த கூலி வாங்கிய குடும்பத்துக்குக் கையில் வருவதும் குறையும். ஒட்டுப்பாலைக்கூட (வெட்டிலும் மங்கிலும் காய்ந்து ஒட்டிய பால்) விடாமல் சுரண்டி எடுத்த மாதங்கள் அவை. இதைச் சொன்னால் பிள்ளைக்கு வருத்தமாகிவிடுமோ என்று தயங்கவேண்டாம். ஒட்டி வைத்த சிவப்பு இலைக்குக் கீழே, பாட்டி சொன்ன ஒரு வரியை எழுதி வைத்தால் அந்த அட்டையை யாரும் குப்பையில் போடமாட்டார்கள்.

கொட்டைகள் மிஞ்சினால் என்ன செய்வது? நல்ல வெயிலில் சில நாள் காயவைத்து, மூடிய டப்பாவில் வைத்தால் அடுத்த ஆண்டும் பல்லாங்குழி ஆடலாம். முளைக்கவைக்க ஆசை என்றால் காயவைக்கக்கூடாது. விழுந்த சில நாட்களுக்குள் ஈர மணலில், தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி பாதி புதைத்து, நிழலில் வைக்க வேண்டும். நாள் ஆக ஆக முளைக்கும் திறன் போய்விடும். புதிய கொட்டை என்றால் ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் முளை தெரியும், அதுவரை பிள்ளை தினமும் தண்ணீர் தெளிக்கலாம். முளைத்ததை மண் நிரப்பிய பைக்கு மாற்றுங்கள்; கன்று ஒரு முழம் வளரும்வரை அதிலேயே இருக்கட்டும். வீட்டு முன்னால் நடாதீர்கள். இருபது மீட்டருக்கு மேல் வளரும் மரம், பலமான காற்றுக்குக் கிளை ஒடிந்து விழும். நிலம் உள்ள உறவினர் யாரிடமாவது கொடுங்கள், நட இடம் இருக்கிறதா என்று முன்பே கேட்டுவிட்டு.